அளகு: பெண் மயிலின் பெயர்

ஆங்கிலத்தில் மயிலுக்கு 'பீகாக்' என்று பெயர். பள்ளியில் படம் பார்த்துப் படித்த நாளில் இந்தச் சொல்லை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்தால் இரண்டு சொற்கள் கிடைக்கும். 'காக்' என்றால் சேவல். 'பீ' என்பது பட்டாணி அல்ல, அதுவே மயிலின் பழைய பெயர். லத்தீனில் மயிலுக்கு 'பாவோ' என்று பெயர். அது பழைய ஆங்கிலத்தில் 'பாவா', 'பேயா' என்று திரிந்து, பிறகு 'பீ' என்று சுருங்கியது. பறவையைக் குறிக்க அந்த ஒரு அசையே போதுமானதாக இருந்தது. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் அதன் வாலில் 'காக்' வந்து ஒட்டிக்கொண்டது.

ஒட்டிய சொல் ஆணைக் குறிப்பது. ஆனால் அந்த இனம் முழுவதற்கும் அதுவே பெயராகிவிட்டது. பெண் மயிலைச் சொல்ல 'பீஹென்' என்று தனியாக ஒரு சொல்லை உண்டாக்க வேண்டியிருந்தது. ஆண், பெண் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் 'பீஃபவுல்' 19ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. இன்றும் அது பறவையியல் புத்தகங்களோடு நின்றுவிட்டது. வீதியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் பறவைகளின் பெயர்கள் இப்படி இடம் மாறுவது புதிதல்ல. பறவை என்ற பொதுப்பொருளில் பழைய ஆங்கிலம் வைத்திருந்த சொல் 'ஃபுகொல்'. இன்றைய 'ஃபவுல்' அதிலிருந்து வந்தது. இன்று எல்லாப் பறவைக்கும் பொதுவான 'பேர்ட்' அன்று 'பிரிட்' என்ற வடிவில் இருந்தது. அதற்குக் குஞ்சு என்று மட்டுமே பொருள். காலப்போக்கில் குஞ்சின் பெயர் வானத்தையே பிடித்துக்கொண்டது. பொதுப்பெயராக இருந்த 'ஃபவுல்' கோழிக்கூண்டுக்குள் ஒடுங்கியது. அதன் பிறகு ஆங்கிலேயரின் பேச்சு வழக்கு இளம்பெண்ணை 'பேர்ட்' என்றும், அமெரிக்கரின் பேச்சு வழக்கு 'சிக்' என்றும் அழைக்கத் தொடங்கியது. பெண்ணுக்குக் குஞ்சின் பெயர். பெருமிதத்தோடு நடக்கும் ஆணுக்கு மயிலின் பெயர்.

ஒரு சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்ற கேள்வியோடுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் காஞ்சிபுரத்தில், பட்டு நெய்யும் வீட்டில் பிறந்தவள். மயிலைக் காட்டில் பார்ப்பதற்கு முன்பே தறியில் பார்த்தவள். அந்த மயில்கள் எல்லாவற்றுக்கும் தோகை இருந்தது.

தோகை கடல் கடந்த கதை

'பீகாக் என்ற ஆங்கிலச் சொல் தமிழின் தோகையிலிருந்து பிறந்தது' என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது அப்படியே சரியல்ல. ஆங்கிலச் சொல் லத்தீன் 'பாவோ'விலிருந்து வந்தது. கிரேக்கர் மயிலை 'தாவோஸ்' என்றார்கள், பாரசீகரும் அராபியரும் 'தாவூஸ்' என்றார்கள். லத்தீனும் கிரேக்கமும் கிழக்கிலிருந்து வந்த ஏதோ ஒரு சொல்லை ஆளுக்கொரு விதமாக வாங்கியிருக்கலாம் என்பது மொழியறிஞர்கள் சிலரின் கருத்து. பறவை இந்தியாவிலிருந்து போனது என்பதில் சந்தேகமில்லை. இந்திய வணிகர்கள் பாவேருவுக்கு, அதாவது பாபிலோனுக்கு, மயிலைக் கொண்டுபோன கதை பாலி மொழியின் பாவேரு ஜாதகத்தில் இருக்கிறது.

தோகை என்ற சொல் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் இடம் வேறு. அது எபிரேய விவிலியம். சாலமோன் அரசனின் கப்பல்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்குகளோடு 'துக்கிய்யிம்' என்ற ஒன்றையும் கொண்டுவந்ததாக இராஜாக்கள் முதல் நூலின் 10ஆம் அதிகாரமும் நாளாகமம் இரண்டாம் நூலின் 9ஆம் அதிகாரமும் சொல்கின்றன. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் அதை 'பீகாக்ஸ்' என்றே மொழிபெயர்த்தது. தமிழ் விவிலியத்திலும் மயில்கள்தான். துக்கி என்பது தோகையின் திரிபு என்று எடுத்துக்காட்டியவர்களில் கால்டுவெல் முக்கியமானவர். 1856இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், எழுத்தில் பதிவான மிகப் பழைய திராவிடச் சொல் இதுவாக இருக்கலாம் என்று அவர் எழுதினார். துக்கிய்யிம் மயிலே அல்ல, ஒருவகைக் குரங்கு என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. இன்றைய எபிரேயத்தில் 'துக்கி' என்றால் கிளி. காமாட்சியின் கைப்பக்கத்தில் இருக்கும் பறவையும் கிளிதான் என்று எங்கள் ஊர்க்காரர்கள் மகிழ்ந்துகொள்ளலாம்.

இங்கே கால்டுவெல் வீட்டையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். அவருடைய மனைவி எலைசா, நாகர்கோவிலில் பணியாற்றிய மால்ட் தம்பதியின் மகள். இந்த மண்ணில் வளர்ந்தவர், சிறுவயதிலேயே தமிழ் அறிந்தவர். 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். அங்கே பெண்களுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கிராமத்துப் பெண்கள் பின்னிய லேஸ் கடல் கடந்து விற்பனைக்குப் போனது. தோகை என்ற சொல் கடல் கடந்ததைப் பற்றி நமக்கு ஒரு பெரிய நூல் இருக்கிறது. அந்தப் பெண்களின் கைவேலை கடல் கடந்ததைப் பற்றிச் சில குறிப்புகள்தான் இருக்கின்றன.

சரி, தோகை என்றால் என்ன? மயிலின் பின்புறத்தில் நீண்டு தொங்குவது. கரும்பின் இலையையும் தோகை என்கிறோம். மயிலைப் பொறுத்தவரை அது ஆணுக்கு மட்டுமே உள்ளது. ஆக, தோகை என்ற பெயரும் ஆணின் உடம்பிலிருந்து எடுத்த பெயர்தான். 'பீகாக்' ஆணின் பெயரை வைத்தது என்றால், 'தோகை' ஆணின் இறகை வைத்தது. ஆனால் தமிழ் அந்த இறகை வைத்துக்கொண்டு செய்த காரியம் வேறு.

சேவல் என்று சொல்லக் கூடாது

தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளையும் பறவைகளையும் மரங்களையும் எந்தப் பெயரால் அழைப்பது மரபு என்று சொல்லும் பகுதி. ஆண்பாற் பெயர்கள் எவை, பெண்பாற் பெயர்கள் எவை, எது எதற்குப் பொருந்தும் என்று வரிசையாக அடுக்குகிறது. அதில் சேவல் என்ற பெயருக்கு ஒரு விதி இருக்கிறது. சிறகுள்ள பறவைகளின் ஆணுக்கெல்லாம் சேவல் என்ற பெயர் பொருந்தும். ஒரே ஒரு பறவைக்குப் பொருந்தாது. அது மயில்.

ஆங்கிலம் எதைச் சேர்த்துத் தைத்ததோ, அதைச் சேர்க்காதே என்கிறார் தொல்காப்பியர். 'பீகாக்' என்பதை அப்படியே தமிழாக்கினால் 'மயிற்சேவல்'. நம் இலக்கணத்தில் அது வழு.

ஏன் பொருந்தாது? உரையாசிரியர் பேராசிரியர் காரணம் சொல்கிறார். ஆண் மயில் தோகை உடையது, பெண்ணைப் போன்ற சாயல் கொண்டது, ஆகவே ஆண்பாற் தன்மை அதற்கு இல்லை என்பது அவர் விளக்கத்தின் சாரம். முதல்முறை படித்தபோது இதை இரண்டு தடவை திரும்பப் படித்தேன். கண்ணெதிரே ஆண் பறவை நிற்கிறது. அதற்கு ஆண் என்ற பெயரைக் கொடுக்க மனம் வரவில்லை. காரணம், அது அழகாக இருக்கிறது. அழகு பெண்ணுடையது என்று முன்பே முடிவாகிவிட்டதால், அழகாக இருப்பது ஆணாக இருக்க முடியாது.

இரண்டு மொழிகள் ஒரே பறவையைப் பார்த்திருக்கின்றன. ஒன்று, இனத்தின் பெயரிலேயே ஆணை வைத்துப் பெண்ணைப் பின்னுக்குத் தள்ளியது. மற்றொன்று, ஆணின் அழகைப் பெண்மை என்று பெயரிட்டு, ஆணிடமிருந்து ஆண் பெயரையே பறித்தது. முதலாவது ஆணுக்குச் சாதகம், இரண்டாவது பெண்ணுக்குச் சாதகம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. இரண்டிலும் பெண் மயில் இல்லை. தமிழ் உரையாசிரியரின் கண்ணில் பெண்மையாகத் தெரிந்தது ஓர் ஆண் பறவையின் இறகு.

ஆனால் தொல்காப்பியம் இன்னொன்றையும் வைத்திருக்கிறது. பெண்பாற் பெயர்களில் 'அளகு' என்று ஒன்று. கோழிக்கும் கூகைக்கும் உரிய பெயர் அது. அதைச் சொல்லிவிட்டு, மயிலுக்கும் அந்தப் பெயர் உரியது என்கிறது அடுத்த நூற்பா. சேவல் மறுக்கப்பட்ட மயிலுக்கு அளகு கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 'பீஹென்' உருவாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பெண் மயிலுக்குத் தமிழில் தனிப்பெயர் இருந்தது. அதை நாம் தொலைத்துவிட்டோம். இன்று 'பெண் மயில்' என்று இரண்டு சொல்லால் சொல்கிறோம். தோகை மட்டும் தொலையவில்லை.

சேவலும் மயிலும் பிரிந்தே இருக்க வேண்டும் என்ற இந்த மரபை எங்கள் ஊர்க் கதை ஒன்றிலும் பார்க்கலாம். ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் நடுவே குமரகோட்டம் இருக்கிறது. அங்கே இருந்துதான் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடி அரங்கேற்றினார். அதில் சூரபத்மன் மாமரமாகி நிற்கிறான். முருகனின் வேல் அதை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி சேவல், மறுபாதி மயில். சேவல் கொடியில் ஏறுகிறது, மயில் வாகனமாகிறது. ஒரே ஆண் உடம்பு பிளந்து இரண்டானபோது கூவுவதும் கொத்துவதும் ஒரு பாதிக்குப் போயின, அழகும் சுமப்பதும் மறுபாதிக்குப் போயின. இது கந்தபுராணத்துக்கான விளக்கம் அல்ல. குமரகோட்டத்துப் பிரகாரத்தைச் சுற்றும்போது எனக்குத் தோன்றுவது.

மயில் என்று அழைக்கப்பட்டவர்கள்

தோகையர் என்றால் இலக்கியத்தில் பெண்கள். மயில் போன்ற சாயல் என்பது காதலியைப் புகழ்வதற்குத் தேய்ந்துபோன உவமை. பெயர் வைப்பதைப் பாருங்கள். பெண்ணுக்கு மயிலம்மாள், மயிலாத்தாள். ஆணுக்கு மயில்வாகனம், மயிலேறும்பெருமாள். அவள் மயில். அவன் மயிலின் மேல் ஏறி அமர்பவன்.

மயிலுக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு துணி கிடக்கும் பழைய கதை ஒன்று உண்டு. நம் பாடப்புத்தகங்களில் பாதி மட்டும் வருகிறது. மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையைக் கொடுத்தவன் வையாவிக் கோப்பெரும் பேகன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். கொடை என்றதும் குழந்தைகளுக்கு அந்தப் போர்வையைச் சொல்லிக்கொடுக்கிறோம். மறுபாதி புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களில் இருக்கிறது. பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொரு பெண்ணோடு வாழ்கிறான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நான்கு புலவர்கள் அவனிடம் போய் அவளுக்காகப் பேசுகிறார்கள். 145ஆம் பாடலில் பரணர் அவனை மயிலுக்குப் போர்வை கொடுத்தவனே என்று விளித்துவிட்டு, நாங்கள் பசித்து வரவில்லை, சுற்றத்தைக் காக்கப் பொருள் கேட்டும் வரவில்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதுதான் எங்களுக்கு வேண்டிய பரிசு என்கிறார்.

மயிலின் நடுக்கம் தெரிந்தவனுக்கு மனைவியின் நடுக்கம் தெரியவில்லை. பரணர் அந்த இரண்டையும் ஒரே பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது தற்செயலாக இருக்க முடியாது. ஆனால் ஐந்து பாடல்களில் கண்ணகியின் பேச்சு வருவது 144ஆம் பாடலில் மட்டும்தான், அதுவும் பரணர் எடுத்துச் சொல்வதாகத்தான். அவள் அழுகையை நாம் புலவர்களின் காது வழியாகத்தான் கேட்கிறோம்.

மயிலாப்பூரிலும் மயிலாடுதுறையிலும் சொல்லப்படும் தலபுராணங்களில் பேச்சு வேறு. அங்கே அம்பிகையே மயிலாகிறாள். மயிலாப்பூர்க் கதையில் சிவன் உபதேசம் செய்துகொண்டிருக்கும்போது அவள் பார்வை ஆடும் மயிலின் பக்கம் போய்விடுகிறது. அதற்காகச் சாபம், மயிலாகிப் பூமியில் பிறந்து தவம் செய்ய வேண்டியதாகிறது. அவள் செய்த பிழை, ஓர் அழகைக் கண்ணெடுத்துப் பார்த்தது. அவள் ஆவது தோகையில்லாத மயில்.

கிரேக்கர்களின் கதையிலும் மயிலையும் பார்வையையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். ஈயோ என்ற பெண்ணைக் காவல் காக்க ஹீரா தேவி நியமித்தவன் உடம்பெல்லாம் கண்கள் கொண்ட ஆர்கஸ். அவன் கொல்லப்பட்ட பிறகு அந்தக் கண்களை எடுத்துத் தன் மயிலின் தோகையில் பதித்தாள் ஹீரா. மயில்தோகையின் கண்கள் ஒரு பெண்ணைக் கண்காணித்த கண்கள்.

மயிலும் பெண்ணும் சந்திக்கும் வேறொரு சொல்லும் தமிழில் இருக்கிறது. அதை நாம் அதிகம் பேசுவதில்லை. மயில் கூவுவதில்லை, அகவுகிறது. அதே அகவல் என்ற சொல்லால்தான், பாடி அழைத்துக் குறி சொன்ன பெண்களைச் சங்க இலக்கியம் அகவன் மகளிர் என்றது. குறுந்தொகை 23ஆம் பாடலில் ஔவையார் அப்படி ஒருத்தியை விளித்துப் பாடவைக்கிறார். ஆசிரியப்பாவுக்கும் அகவல் என்றே பெயர். இந்த இடத்தில் பெண்ணும் மயிலும் சாயலால் ஒப்பிடப்படவில்லை. குரலால் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொண்டார்கள். தோகை என்று அழைக்கப்பட்டவளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அகவன் மகள் சொல்வதைக் கேட்டாக வேண்டும்.

பார்ப்பவள், தேர்ந்தெடுப்பவள்

உண்மையான பெண் மயில் எப்படி இருக்கும்? பழுப்பு நிறம், வெள்ளை வயிறு, தலையில் கொண்டை, கழுத்தின் கீழ்ப்பாகத்தில் மின்னும் பச்சை. புதர் மறைவில் தரையைக் கொஞ்சம் கிளறி, வழக்கமாக நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். ஏறக்குறைய 28 நாள் அடைகாக்கும். ஆண் உதவிக்கு வராது. அடைகாப்பவள் எதிரியின் கண்ணில் படாமல் இருக்க அந்தப் பழுப்பு நிறம்தான் காவல். ஆணின் தோகையோ மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் உதிர்ந்துவிடும். எந்த அங்கத்தை வைத்து நாம் பெண்ணுக்குப் பெயர் வைத்தோமோ, அது ஆணிடமே ஆண்டு முழுவதும் நிற்பதில்லை.

இந்தத் தோகை எதற்கு என்ற கேள்வி சார்லஸ் டார்வினை வாட்டியது. மயிலிறகைப் பார்க்கும்போதெல்லாம் தனக்குக் குமட்டுகிறது என்று 1860இல் நண்பர் ஆசா கிரேவுக்குக் கடிதம் எழுதினார். பிழைப்பதற்கு உதவாத, ஓடவும் பறக்கவும் பாரமான ஒன்று எப்படி நிலைத்தது? 1871இல் வெளியிட்ட மனித மரபு பற்றிய நூலில் பதில் சொன்னார். பெண் மயில் பார்க்கிறது, ஒப்பிடுகிறது, தேர்ந்தெடுக்கிறது. தலைமுறை தலைமுறையாக அவள் தேர்ந்தெடுத்ததால்தான் தோகை உண்டானது.

டார்வினின் மற்ற கருத்துகளைப் பிறகு ஏற்றுக்கொண்ட விஞ்ஞானிகளும் இதை ஏற்கத் தயங்கினார்கள். இயற்கைத் தேர்வை அவரோடு சேர்ந்து முன்வைத்த வாலஸே மறுத்தார். ஒரு பெண் பறவைக்கு அழகைப் பற்றிய ரசனை இருக்க முடியுமா, அந்த ரசனை ஓர் இனத்தின் உருவத்தையே தீர்மானிக்க முடியுமா என்பது அந்தக் காலத்து ஆண்களுக்கு ஜீரணிக்க முடியாத கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது மறுபடி ஆய்வுக்களத்துக்கு முழுவீச்சில் வந்தது. இங்கிலாந்தின் விப்ஸ்னேட் பூங்காவில் மரியன் பெட்ரி குழுவினர் செய்து 1991இல் வெளியிட்ட ஆய்வு, தோகையில் கண்கள் அதிகமுள்ள ஆணையே பெண் மயில்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தன என்று காட்டியது. ஜப்பானில் பல ஆண்டுகள் கவனித்து 2008இல் வெளியான ஆய்வு, கண்களின் எண்ணிக்கைக்கும் தேர்வுக்கும் அப்படி ஒரு தொடர்பு இல்லை என்றது. அவள் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதில்தான் விவாதம். தேர்ந்தெடுப்பவள் அவள் என்பதில் விவாதம் இல்லை.

மயிலாப்பூர்க் கதையில் மயிலைப் பார்த்ததற்காகச் சாபம் பெற்றவளையும், காட்டில் பார்த்துப் பார்த்தே தோகையை உண்டாக்கியவளையும் அடுத்தடுத்து வைத்து யோசிக்கலாம். பெண்ணின் பார்வை முதல் கதையில் குற்றம், இரண்டாவதில் காரணம். தோகை என்ற அந்தச் சொல்லுக்கே பொருள் கொடுத்தவள் பெண் மயில். அந்தச் சொல்லில் அவளுக்கு இடமில்லை.

தறியில் இருக்கும் மயில்

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். காஞ்சிப் பட்டின் கரையில் மயில், அன்னம், இருதலைப்பட்சி, யாளி, மாங்காய், ருத்திராட்சம் எல்லாம் வரும். மயில்கண், குயில்கண் என்று புள்ளிகளுக்குப் பெயர். 'மயில் சக்கரம்' என்று வட்டத்துக்குள் மயில். 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. சேலைக்குள் இருக்கும் வேலைகளுக்கு யார் பெயர் என்பது அப்படியேதான் இருக்கிறது.

ஒரு சேலை எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். சாயம் ஏறிய பட்டை ராட்டையில் இழைக்க வேண்டும். பாவு ஓட்ட வேண்டும். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடியற்காலையில் பாவை நீட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையை முடிபோட வேண்டும். தீர்ந்த பாவின் நுனியோடு புதுப் பாவை ஓரிழை விடாமல் பிணைக்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள். ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். கரை வேறு நிறம், உடல் வேறு நிறம் என்றால் அது கோர்வை, மூன்று நாடாக்கள் ஓடும். ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள் வீட்டுப் பெண்ணாகவோ, ஒரு காலத்தில் பள்ளிக்குப் போக வேண்டிய குழந்தையாகவோ இருந்தது. முந்தானைக்கு நிறம் மாற்ற பெட்னி போட வேண்டும். இத்தனையும் நடந்த பிறகு, தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்து நெய்பவர் நெசவாளர். மற்றவர்கள் எல்லாம் 'உதவி'.

என் அம்மா நாற்பது வருடம் தார் சுற்றினாள், பாவு பிணைத்தாள், கோர்வைக்கு உட்கார்ந்தாள். அப்பாவுக்கு உடம்பு முடியாத மாதங்களில் குழியில் இறங்கி நெய்தும் இருக்கிறாள். சங்கத்தின் உறுப்பினர் புத்தகம் அப்பா பெயரில் இருந்தது. அப்பா போன பிறகு, அவளுக்கு வரவேண்டிய உதவித்தொகைக்காக அங்கே போய் நின்றோம். எழுதியவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க நெசவாளரா, நெசவாளர் சம்சாரமா?" அம்மா யோசித்து, "சம்சாரம்தாங்க" என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த சொற்களில் அவளுக்கான இடம் அது ஒன்றுதான்.

'பீகாக்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கேள்விதான். நெசவாளர் என்ற சொல் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. தமிழில் அது பொதுச்சொல். ஆனால் புழக்கத்தில் அதன் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு 'காக்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாட்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20இல் வெளியானது. அதன்படி கைத்தறித் தொழிலாளர்கள் சுமார் 35 லட்சம் பேர், அவர்களில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். வடகிழக்கு மாநிலங்களில் நெய்பவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பது இந்த எண்ணை உயர்த்துகிறது. ஆனாலும் நெசவாளர் என்றதும் நம் மனதில் எழும் உருவம் மீசையோடு இருக்கிறது என்றால், கணக்கு ஒருபக்கம், சொல் ஒருபக்கம் என்றே அர்த்தம். அந்தக் கணக்கெடுப்பும் நெசவாளர், சார்புத் தொழிலாளர் என்று இரண்டு பட்டியல் போடுகிறது. தார் இல்லாமல் நாடா ஓடாது. எது எதைச் சார்ந்தது என்று தீர்மானித்தது யார்?

இப்போது நிலைமை மாறுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு எங்கள் ஊர் இளைஞர்கள் போய்விட்டார்கள். பல வீடுகளில் குழியில் இறங்கி நெய்வது பெண்கள்தான். ஆண்கள் விட்டுப்போன பிறகு கிடைக்கும் பெயராக இது இருக்கக் கூடாது. முன்பே செய்த வேலைக்கும் சேர்த்துப் பெயர் வேண்டும். உறுப்பினர் புத்தகத்தில், அடையாள அட்டையில், கூலிச் சீட்டில், ஓய்வூதிய விண்ணப்பத்தில் வேண்டும். ராட்டை சுற்றும் அக்கா, பாவு பிணைக்கும் பாட்டி என்று உறவுப் பெயரில் அல்ல, தொழிலின் பெயரில் வேண்டும்.

சொல்லை மாற்றினால் கூலி உயருமா என்று மாணவிகள் கேட்பார்கள். சொல் மட்டும் மாறினால் உயராது. ஆனால் பெயர் இல்லாதவள் கூலி கேட்டுப் போய் நிற்க ஒரு வரிசைகூட இருக்காது. தொல்காப்பியர் பட்டியலில் அளகு என்று ஒரு சொல் இருந்ததால்தான் இன்று நாம் அதைத் தேடி எடுக்க முடிகிறது.

பட்டில் 'மயில்கழுத்து' என்று ஒரு நிறம் உண்டு. கடைக்காரர்கள் சாயம் போலவே சொல்வார்கள். அது தனிச் சாயம் அல்ல. பாவு நீலம், ஊடை பச்சை. இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்போது, துணியை அசைக்க அசைக்க ஒருமுறை நீலமாகவும் ஒருமுறை பச்சையாகவும் மின்னும். ஓரிழையை எடுத்துவிட்டால் அந்த நிறமே இல்லை. பாவை ஓட்டியதும் ஊடைக்குத் தார் சுற்றியதும் பெரும்பாலும் பெண் கைகள். மயிலினத்திலும் அந்த மினுக்கும் கழுத்து ஆணுக்கு மட்டும் உரியதல்ல. ஆணின் கழுத்தில் நீலம், அளகின் கழுத்தில் பச்சை.